ஓரத்துக் கயிறும் ஒற்றைக்கால் பாதமும்

என் தையல் மிஷின் சாணார்பட்டிக்குப் போக வேண்டும் என்று என் மாமியார் ஒரு சனிக்கிழமை காலையில், அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே முடிவு செய்தார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில், சாயங்காலமானால் மலைக்கோட்டைப் பாறையின் நிழல் வந்து விழும் தெரு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. மிஷின், வத்தலக்குண்டில் என் பிறந்த வீட்டிலிருந்து என்னோடு கல்யாணச் சீராக வந்தது. மிதித்து ஓட்டும் மிஷின். அதற்கு நான் வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டு, துடைத்து, உறை போட்டு வைத்திருந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பொது.

என் மாமியாரைப் பொறுத்தவரை மிஷினும் பொதுதான். அவருடைய மூத்த மகள், அதாவது என் கணவரின் அக்கா, சாணார்பட்டிப் பக்கம் காய்கறி வெள்ளாமை செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர்கள் வீட்டு மாட்டுவண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் தக்காளியும் கத்தரியும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வரும்.

"உன் நாத்தனா வீட்ல பொட்டப்புள்ளைக நெறைய. அம்புட்டுப் பேருக்கும் பாவாடை சட்டைய வெளிய குடுத்துத் தைக்கிறா. இங்க இது சும்மா கெடக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி வரும்போது ஏத்தி விட்ருவோம்" என்றார் மாமியார்.

"சும்மா கிடக்கல அத்தை. போன வாரங்கூட தலகாணி உறை தச்சேன்."

"தலகாணி உறைக்கு எதுக்குத்தா மிஷினு? ஊசி இல்லையா வீட்ல?"

இதற்கு மேல் பேசினால் தோற்றுப்போவேன் என்று எனக்குத் தெரியும். ஊசியால் முடியாத, மிஷினால் மட்டுமே முடிகிற வேலை ஒன்று எனக்கு உடனே வேண்டியிருந்தது. அது கூடத்திலேயே இருந்தது. என் கணவர் அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது என் கணவர் எடுத்து வந்த தேக்குமர சோபா செட் அது. நீளமாக ஒரு சோபா, இரண்டு நாற்காலிகள். மரம் முதல் தரம். மெத்தைகளை மட்டும் எலி கடித்து, தென்னை நார் வெளியே தெரிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை, சென்னையில் வேலையாக இருந்த கொழுந்தனுக்குப் பெண் கொடுப்பதாக ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களை எலி கடித்த மெத்தையில் உட்கார வைக்க முடியாது.

வெறுமனே உறை தைத்துப் போட்டால் போதாதா என்று என் கணவர் கேட்டதற்கு, மாமியார் பழைய மெத்தையின் ஓரத்தை விரலால் தடவிக் காண்பித்தார். மேல்துணியும் பக்கத் துணியும் சேரும் இடத்தில், சுற்றிலும் ஒரு கயிறு துணிக்குள் பொதிந்து புடைத்துக்கொண்டு ஓடியது. பைப்பிங் என்று தையல்காரர்கள் சொல்வது.

"இந்தா பாரு, ஓரத்துல ஓடுதுல்ல கயிறு. இதுதான் சோபா. இது இல்லேன்னா வெறும் மெத்தை. வெறும் மெத்தையிலயா சம்பந்தகாரவுகள உக்கார வைப்பாக?"

அந்த வாரம் வரை அவர் சோபா என்ற பொருளைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் அதைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

கடைத்தெருவில் சட்டை தைப்பவர், மெத்தை தன் வேலை இல்லை என்றுவிட்டார். மெத்தை தைப்பவர், கயிறு தன் வேலை இல்லை என்றுவிட்டார். என் கணவர் இந்த இரண்டு செய்திகளோடும் திரும்பி வந்தபோது, "நான் தைக்கிறேன் அத்தை" என்றேன்.

மாமியார் உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள மூணு மெத்தைக்கும் கயிறு வச்சுத் தச்சுட்டியானா மிஷினு இங்கனயே கெடக்கட்டும். இல்லேன்னா ஞாயித்துக்கெழம வண்டியில போகட்டும். என்னலே சொல்ற?"

கேள்வி என் கணவருக்கு. அவர் பேப்பரைத் தாழ்த்தி, "நல்ல ஏற்பாடும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். அவரிடம் எவ்வளவு உதவி எதிர்பார்க்கலாம் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

வேலையை நான் முறைப்படி தொடங்கினேன். துணி அரக்குச் சிவப்பு, கெட்டி ரகம். ஓரத்துக்கு மாம்பழ மஞ்சள். அது மாமியாரின் தேர்வு. பருத்திக் கயிற்றை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் துவைக்கும்போது கயிறு சுருங்கி மெத்தை ஓரம் முழுவதும் கொசுவிக்கொள்ளும். கொல்லையில் இரண்டு முருங்கைமரங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டிக் காயவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அதில் என் கணவரின் ஈரத்துண்டு, பனியன், இரண்டு வேட்டி. "புதுசா கொடி கட்டிருக்க போல, நல்லாருக்கு" என்றார்.

அடுத்தது, கயிற்றைப் பொதிய மஞ்சள் துணியை நாடாவாக வெட்டுவது. இதை நேராக வெட்டக்கூடாது. துணியின் மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால்தான் நாடா வளைவுகளில் இழுத்த இழுப்புக்கு வரும். கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்தவுடன் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"ஏத்தா, ஏத்தா! நல்ல துணியக் கோணலா வெட்டுற?"

"கோணலாத்தான் வெட்டணும் அத்தை. அப்பத்தான் மூலையில வளையும்."

"அப்ப நேரா நெய்யுறவன் கிறுக்கனா?"

நான் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் "ச்சோ" என்றார்.

பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்துக்கு இரண்டு கால்கள் உண்டு. ஊசி இரண்டுக்கும் நடுவே இறங்கும். சாதாரணத் தையலுக்கு அது சரி. பைப்பிங்கில் துணிக்குள் ஒரு கயிறு இருக்கிறது. தையல் அந்தக் கயிற்றை ஒட்டி, அதன் இடுப்பைப் பிடித்தமாதிரி ஓட வேண்டும். இரண்டு கால் பாதத்தில் ஒரு கால் கயிற்றின்மேல் ஏறிக்கொள்ளும், மற்றது கீழே துணியில் நிற்கும். ஒரு சக்கரம் வரப்பிலும் ஒரு சக்கரம் வயலிலுமாக வண்டி போகிற கதைதான். சோதனைக்கு ஒரு முழம் தைத்துப் பார்த்தேன். தையல் ஓரிடத்தில் கயிற்றைக் குத்தியது, ஓரிடத்தில் கயிற்றை விட்டு விலகி ஓடியது. உள்ளே கயிறு, பையில் போட்ட பென்சில் மாதிரி ஆடியது.

மிஷினோடு வந்த புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பாதத்தின் படம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு கால். ஊசிக்கு வலப்புறம் கால். இடப்புறம் வெட்டவெளி, கயிறு அந்தப் பக்கம் தடையில்லாமல் ஓடும். மிஷின் சாமான்கள் விற்கும் கடையில் கேட்டேன்.

"ஒத்தக்காலா? அதெல்லாம் மதுரையிலயே கெடைக்காதும்மா. மெட்ராசுக்கு எழுதணும்."

"எழுதினா எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

திரும்பும் வழியில்தான் எங்கள் தெரு முனையிலிருந்த பூட்டுப் பட்டறையைப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரும்பில் முடியளவு வித்தியாசத்தில் அரத்தால் ராவிச் சாவிக்குப் பல் வைக்கிறவர்களுக்கு, இரண்டு காலில் ஒன்றை எடுப்பது ஒரு வேலையா?

வீட்டுக்குப் போய், சாதாரணப் பாதத்தால் தைக்க வேண்டிய நேர்த்தையல்கள் எல்லாவற்றையும் முதலில் முடித்தேன். ஏனென்றால் என்னிடம் இருந்தது அந்த ஒரே பாதம்தான். பிறகு அதைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரர் நரைத்த மீசையும் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியுமாக இருந்தார். பக்கத்தில் இன்னொருவர் துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். பாதம் மிஷினில் எப்படி நிற்குமோ அப்படியே என் உள்ளங்கையில் நிறுத்தி, இடது காலை ஒரு குண்டூசியால் தொட்டுக் காண்பித்தேன்.

"இந்தக் கால மட்டும் எடுத்துரணும்ண்ணே. மத்தது அப்படியே இருக்கணும்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "எடுத்தா மொளைக்காது தாயி. நல்லா ரோசிச்சுக்கங்க."

"யோசிச்சுட்டேன்."

"வீட்ல சொல்லிட்டீகளா?"

"ஒரு காலுக்கு எதுக்குண்ணே வீட்ல சொல்லணும்?"

துருத்திக்காரர் தலையைத் தூக்காமலே, "அண்ணே, மயக்கம் குடுத்துட்டு வெட்டுங்க. கத்திரப் போகுது" என்றார்.

"நீ ஊதுற வேலயப் பாருடா."

நூல் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. கால் இருந்த இடம் தெரியாமல் ராவி, எண்ணெய் தடவிப் பளபளவென்று என் கையில் வைத்தார். அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. போயிருந்தது வலது கால்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவர் பெருமையோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் காட்டினது இன்னொரு கால்."

"இல்ல தாயி, இதத்தான் காட்டுனீக."

மறுபடியும் உள்ளங்கையில் நிறுத்திக் காண்பித்தேன். அவர் பாதத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பட்டறை மேசையைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு குழப்பம் படர்ந்தது. துருத்திக்காரர்தான் கண்டுபிடித்தார்.

"அண்ணே, பூட்டு குப்புறக் கெடக்கும். இது மல்லாக்கல்ல கெடந்துச்சு."

விஷயம் இதுதான். பூட்டின் உள்வேலை எல்லாம் அதன் முதுகுப்பக்கம். அதனால் பட்டறையில் பூட்டைக் குப்புறப் போட்டுத்தான் வேலை செய்வார்கள். வாங்குகிறவர் முகப்பைக் காட்டி இடது என்றால், இவர் கை தானாக வலப்பக்கம் போகும். ஆயுசு முழுக்க அது சரியாகவே இருந்தது. என் பாதத்துக்கு மேலே தண்டு நீட்டிக்கொண்டிருந்ததால் அது குப்புறப் படுக்கவில்லை, மல்லாந்து கிடந்தது. கை மட்டும் பழக்கப்படி எதிர்ப்பக்கம் போய்விட்டது.

"ஆமால்ல" என்றார் பட்டறைக்காரர். பிறகு, "அந்தக் கால இங்க வச்சு ஒட்டிரலாம் தாயி, பத்தவைக்கிற பொடியப் போட்டு நெருப்புல ஊதுனா ஒட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டுக் காலைத் தேடினார். காலை அவர் வெட்டவில்லை, ராவியே எடுத்திருந்தார். மேசைமேல் ஒரு சிட்டிகை இரும்புத்தூள் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"இன்னொரு பாதம் இருந்தாக் கொண்டாங்க. கண்ண மூடித் தொறக்கங்குள்ள சரியா எடுத்துத் தரேன்."

இன்னொரு பாதம் இல்லை. நான் ஒற்றைக்காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நடக்கும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தேன். தைக்க முடியாது என்பதில்லை, எல்லாம் இடம்வலம் மாற்றித் தைக்க வேண்டும். கயிறு ஊசிக்கு வலப்புறம் ஓட வேண்டும். அப்படியானால் மெத்தை உறையும் வலப்புறம்தான் இருக்க வேண்டும். மிஷினின் வலப்புறம் என்ன இருக்கிறது? அதன் கழுத்து. அந்தக் கழுத்துக்குக் கீழே ஒரு பூனை நுழைகிற அளவுக்கு இடைவெளி. வழக்கமாக இடப்புறம் மேசையில் தாராளமாகக் கிடக்க வேண்டிய துணி முழுவதும், மூன்று பேர் உட்காரும் சோபாவின் முழு நீளத்துக்கான கெட்டித் துணி, அந்தப் பூனை வாசல் வழியாகப் போய்வர வேண்டும்.

கயிற்றை நாடாவில் பொதிந்து தைத்தது சுலபமாகவே முடிந்தது. அது மெல்லிசான நாடா, எந்தப் பக்கமும் போகும். கயிறு பொதிந்த நாடாவை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, மூன்று விளிம்பையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தபோது கதை மாறியது. துணியைச் சுருட்டிக் கழுத்துக்குள் திணித்து மிதித்தேன். அது ஒரு சாண் போய் நின்றுகொண்டது. தையல் ஒரே இடத்தில் குவிந்தது. பின்பக்கம் யாராவது உட்கார்ந்து, துணி வர வர அளவாக இழுத்துக்கொண்டே இருந்தால்தான் நகரும்.

என் கணவரை எதிரே உட்கார வைத்தேன். நான் மிதித்தேன். அவர் இழுத்தார். ஊசி ஒடிந்தது.

"மெதுவாங்க!"

"மெதுவாத்தான இழுத்தேன்."

"ஆபீஸ்ல பைல் கட்டு நகத்துவீங்கள்ல, அந்த வேகத்துல இழுங்க."

புதிய ஊசி போட்டுத் தொடங்கினோம். இம்முறை அவர், நான் சொன்னபடியே ஆபீஸ் வேகத்தில் இழுத்தார். துணி நகரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். துணியின் முனையைப் பிடித்தபடி, அதன் அடியில் விரித்திருந்த பழைய பேப்பரில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் மிஷினை எந்தப் பக்கமாகச் சாய்த்து ஏற்றுவது என்று அவர் யோசிப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டாவது ஊசியும் ஒடிந்து, சிவப்புத் துணியில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏலே, எந்திரி. துணியா அது, கெணத்து வாளியா? நீ ஆபீசுக்குப் போ."

அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஒனக்கு ஒத்தாச பண்ண வரல. துணி பாழாப் போகுதேன்னு பாக்குறேன். வெள்ளிக்கெழம கணக்கு கணக்குத்தான்."

"சரி அத்தை."

"மிதி."

மிதித்தேன். முதல் இரண்டு விரல்கடை தூரம் அவர் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மிதியின் சத்தத்துக்குச் சரியாக, ஊசி மேலே எழும் நேரம் பார்த்துத் துணியை வாங்கத் தொடங்கினார். இழுத்தார் என்று சொல்ல முடியாது, வாங்கினார். துணி பூனை வாசலில் ஒரு பக்கம் போய் மறு பக்கம் வழிந்து வந்தது. தையல் கயிற்றை ஒட்டிப் படிந்து ஓடியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கு வந்துவிட்டது.

"என்னத்தா வேகம் கொறையுது? காலு வலிக்குதா?"

"இல்ல அத்தை, மூலை வருது. மூலையில ஊசியத் துணிக்குள்ள எறக்கி வச்சுட்டு, பாதத்தத் தூக்கி, மொத்தத் துணியையும் திருப்பணும்."

"மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும்."

அந்தத் திருப்பலை எழுதி விளக்குவது கடினம். நான் என் பக்கத்திலிருந்து துணியை உள்ளே தள்ள, அவர் அவர் பக்கத்திலிருந்து வெளியே வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, மிஷினைச் சுற்றி என்னிடம் தர வேண்டும். நடுவில் ஊசி மட்டும் அசையாமல் நிற்கும். இரண்டு பேரும் சிவப்புத் துணிக்குள் காணாமல் போயிருந்த நேரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு என் கணவர் வந்தார்.

"அம்மா? எங்க இருக்க?"

"உள்ள இருக்கேன்" என்றது துணி.

"சாப்பாடு?"

"சோறு இருக்கு. போட்டுத் தின்னு."

"வெஞ்சனம்?"

"ஊறுகா இருக்கு. மூலை திருப்பிக்கிட்டு இருக்கோம், சத்தம் போடாத."

அந்த நாளில் தினமும் சமைத்ததை டைரியில் எழுதி வைப்பேன், அந்த வாரம் மட்டும் சமையலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாட்களில் நீள மெத்தையின் உறை முடிந்தது. வியாழக்கிழமை முதல் நாற்காலி மெத்தையை முடித்து வெளிப்பக்கம் திருப்பினேன். பின்புற மூலை ஒன்றில் கயிறு கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. நாற்காலியின் முதுகுப்பக்கம் போகிற மூலை. ஒருவர் கண்ணிலும் படாது. பார்த்தும் பார்க்காததுபோல் மடித்து வைத்தேன். மாமியார் அதை எடுத்து, ஓரம் முழுக்க விரலை ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தினார்.

"பிரி."

"அத்தை, அது பின்னால போற மூலை."

"பின்னால போனா மூலை இல்லையா? பிரி."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை அத்தை. இன்னும் ஒண்ணு அப்படியே பாக்கி இருக்கு. முடியலைன்னா மிஷின்..."

"அவுக சாயங்காலந்தான வருவாக. விடியக்கால எந்திரிச்சாப் போச்சு. நீ பிரிக்கிறியா, நான் பிரிக்கட்டா?"

தவணை வைத்தவரும் அவர்தான், தவணையை இப்படித் தின்றவரும் அவர்தான். பிரித்தேன். அடுத்த நாள் கோலம் போடும் நேரத்துக்கு மிஷின் ஓடத் தொடங்கியது. கடைசி உறையின் கடைசித் தையலை முடித்தபோது மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "முடிச்சுட்டோம்" என்றார். சொல்லிவிட்டு உடனே என்னைப் பார்த்து, "முடிச்சுட்ட" என்று திருத்திக்கொண்டார்.

உறைகளுக்குள் நாரைத் திணித்து வாயைக் கையால் தைத்து சோபாவில் போட்டோம். அரக்குச் சிவப்பில் மாம்பழ மஞ்சள் கோடு, மூலைகளில் மடங்காமல் வளைந்து சுற்றிலும் ஓடியது. ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்தார்கள். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்து சோபாவைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வரிசையாகத் தரையில் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"மேல உக்காருங்க" என்றார் என் கணவர்.

"இருக்கட்டுங்க. புதுசாட்டம் இருக்குதுங்க" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"உக்காரத்தான தச்சிருக்கு" என்றார் மாமியார். வேண்டுகோள் மாதிரி இல்லை அது. பெண்ணின் தாயார் மட்டும் எழுந்து, நீள சோபாவின் ஒரு நுனியில், பஸ்ஸில் இறங்கும் இடம் நெருங்கிவிட்டவர் மாதிரி உட்கார்ந்தார். அவர் விரல் தானாக ஓரத்துக்குப் போனது.

"ஏனுங்க, ஓரத்துல என்னமோ கயிறாட்டம் இருக்குதுங்களே. கடையில வாங்குனதுங்களா?"

"கடையில ஏது? வீட்ல தச்சது. ரெண்டு ஆளு வேல" என்றார் மாமியார். பிறகு அவர்கள் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டதைவிட அதிக நேரம், துணியைத் திருப்புவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தம் பின்னால் கூடி வந்தது. அதற்குக் காரணம் கொழுந்தனின் சம்பளம், மெத்தை அல்ல.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாயிற்று. மிஷின் தப்பியது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமியார் போன வாரமே ஆள் மூலம் சாணார்பட்டிக்குச் சொல்லியனுப்பியிருந்தார். பந்தயம் வைத்ததை மட்டும் சொல்லியனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் காய்கறிகளோடு என் நாத்தனாரே வந்து இறங்கினார். கையில் மிஷினைக் கட்டுவதற்குக் கயிறும், வழியில் அடிபடாமல் இருக்க வைக்கோல் அடைத்த சாக்கும் இருந்தன.

"எங்க மிஷினு?" என்றபடி நேராக அதனிடம் போய் உறையைத் தூக்கினார். "ஏ புள்ள, இந்தத் தலைய மட்டும் தனியாக் கழட்ட வருமா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உன்னத்தான். ஏத்தச் சொல்லட்டா?"

"அது உனக்குச் சரிப்பட்டு வராதுடி" என்றார் மாமியார், தக்காளியைப் பார்த்தபடி.

"நீதான வண்டிய அனுப்பச் சொன்ன?"

"சொன்னேன். அப்ப அதுக்கு ரெண்டு காலு. இப்ப ஒத்தக்காலு. எதிர்ல ஒரு ஆளு உக்காந்து வாங்கிக் குடுத்தாத்தான் ஓடும். உன் வீட்ல எவ உக்காருவா? உன் மாமியாளா?"

"எம் மாமியாவுக்கு அவ காலப் புடிச்சுவிடவே ஆளு வேணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நாத்தனார் சாக்கைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். "அப்படியா? அப்ப நீயும் மிஷினோட வா. வந்து எங்க வீட்ல உக்காந்து இழு. எம் புள்ளைகளும் அம்மாச்சியப் பாத்த மாதிரி இருக்கும்."

நியாயமான பேச்சு. மாமியார் ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்து, வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

"நான் அங்க வந்துட்டா," என்றார், "இங்க யாரு இழுப்பா?"

நாத்தனார் தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோபத்தில் பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார். எங்கள் மெத்தையில் தயங்காமல் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். உட்கார்ந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, ஒரு முறை லேசாக எழும்பி மறுபடி உட்கார்ந்து பார்த்தார். கை ஓரத்தைத் தடவியது.

"இதா தச்சீக?"

"இதுதான்" என்றார் மாமியார்.

"சரி. மிஷின நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இதக் குடு."

என் கணவர் பேப்பரை மடித்தார். "அக்கா, இது நான் ஏலத்துல..."

"ஏண்டா, எங்க வீட்டுக்கு வாரப்பல்லாம் கயித்துக்கட்டில்ல உக்காந்து முதுகு வலிக்குது முதுகு வலிக்குதுன்னு சொன்னது யாரு? இனிமே வந்து இதுல உக்காரு. யாரு வேணான்னா?"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னத்தா சொல்ற?"

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு சாமானைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. தையல் என்னுடையது, சோபா என் கணவருடையது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மதினி எடுத்துக்கட்டும் அத்தை" என்றேன்.

சோபாவின் ஒரு முனையை வண்டிக்காரரும் மறுமுனையை என் கணவரும் பிடித்துத் தூக்கினார்கள். "ஓரத்தப் புடிக்காத, அடியப் புடி! மஞ்சள்ல கை படுது பாரு!" என்று மாமியார் வாசல் வரை கூடவே வந்தார். நாற்காலிகளும் ஏறின. நாத்தனார் வண்டிக்குள் சோபாவிலேயே ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார். தெருவில் எல்லோரும் எட்டிப் பார்க்க, எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் போனார்.

உள்ளே வந்து என் கணவர் வெறுங்கூடத்தின் நடுவில் பேப்பரோடு நின்றார். "நான் எங்க உக்கார்றது?"

"பாயி இருக்குல்ல" என்றார் மாமியார். "அந்த எடத்துக்கு மிஷினத் தள்ளு. நல்லா வெளிச்சம் வருது."

தள்ளினோம். நான் உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு மெட்ராசுக்கு எழுதிரணும் அத்தை. ஜாக்கெட்டெல்லாம் தைக்க ரெண்டு கால் பாதம் ஒண்ணு கட்டாயம் வேணும். அப்படியே சரியான பக்கத்து ஒற்றைக்கால் ஒண்ணும் கேட்டுருவேன்" என்றேன்.

மாமியார் முக்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல தைக்க எத்தன ஆளு வேணும்?"

"ஒரு ஆள் போதும் அத்தை."

"அப்ப ரெண்டு காலு உள்ளத மட்டும் எழுது" என்றார்.